ஒரு செம்பு நீரும் மாசிப் பூரணையும்: மலையகப் பயணக் குறிப்புகள்

திரயோதசி, அட்டன்

கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளைக்குப் போகும் காலை ரயிலில் ஏறிப் பிற்பகலில் அட்டனில் இறங்கி, நோர்வூட் பக்கம் போகும் பஸ்ஸைப் பிடித்து, பெரியம்மா இருக்கும் தோட்டத்துக்கு வந்து சேர்ந்துவிட்டேன். மாசிப் பூரணைக்கு இரண்டு நாள் இருக்கிறது. பையில் கம்பளிச் சட்டையோடு ஒரு செப்புச் செம்பும், அதன் வாயைக் கட்ட ஒரு மெல்லிய வெள்ளைத் துணியும் இருக்கின்றன. இந்தப் பயணமே அந்தச் செம்புக்காகத்தான் என்று சொன்னால் அலுவலகத்தில் சிரிப்பார்கள் என்பதால், உறவினரைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லி லீவு எடுத்திருக்கிறேன், அதுவும் பொய்யில்லை.

சில ஆண்டுகளாக, நிலவின் வளர்ச்சியையும் தேய்வையும் ஒட்டி, நீரை வைத்து எனக்கென்று சில நியமங்களைக் கடைப்பிடித்து வருகிறேன். பூரணை இரவில், கொதிக்கவைத்து ஆற்றிய நீரைச் செம்பில் நிரப்பித் துணியால் மூடி, நிலா படும் இடத்தில் வைப்பேன். விடியுமுன் எழுந்து அதில் கொஞ்சத்தைக் குடித்து, கொஞ்சத்தால் முகம் கழுவி, மீதியைச் செடிக்கு ஊற்றுவேன். அமாவாசை இரவில், கல்லுப்புப் போட்ட வெந்நீரில் கால்களை வைத்துக்கொண்டு, அந்த மாதம் மனத்தை அறுத்துக்கொண்டிருந்த ஒரு விஷயத்தைத் தாளில் எழுதி, அந்தத் தாளை அதே நீரில் ஊறவிட்டுக் கரைத்துக் கொட்டிவிடுவேன். மூன்றாம் பிறை தெரியும் மாலையில் தலைக்குக் குளித்துவிட்டு, தள்ளிப்போட்டு வந்த ஒரு வேலையில் கை வைப்பேன். அவ்வளவுதான்.

இவற்றில் எதுவும் என் கண்டுபிடிப்பன்று. அமாவாசையில் முன்னோருக்கு எள்ளும் நீரும் இறைப்பதும், மாசி மகத்தில் தீர்த்தமாடுவதும், மூன்றாம் பிறையைத் தேடிப் பிடித்துக் கும்பிடுவதும் நம் வீடுகளில் இருந்து வந்தவைதாம். ஊரோடும் கோயிலோடும் நடந்த அந்தக் காரியங்களில் சிலவற்றை, தனியாக வாழும் ஒரு பெண்ணின் மாடி அறைக்குள் அடங்கும்படி சுருக்கிக்கொண்டேன் என்று வேண்டுமானால் சொல்லலாம். இதற்கென்று இணையத்தில் விற்கிற பளிங்குக் கற்களையும் பிறை வரைந்த போத்தல்களையும் நான் வாங்கியதில்லை, வாங்கச் சொல்லவும் மாட்டேன். செம்பு இல்லாதவர்களுக்கு எவர்சில்வர் சொம்பு போதும்.

கொழும்பில் குழாயைத் திருகினால் நீர் வந்துவிடுகிறது. நீரைச் சுமந்து வாழும் இடத்தில் இதே நியமத்தைச் செய்தால் அது எப்படி இருக்கும் என்று பார்க்கும் ஆசை வெகுநாளாக இருந்தது. மாசியை அதற்குத் தேர்ந்ததற்குக் காமன் கூத்தும் ஒரு காரணம். மூன்றாம் பிறையைப் பார்த்துக் கம்பம் ஊன்றி, நிலவோடு சேர்ந்து கூத்தும் வளர்ந்து, பூரணையை ஒட்டிக் காமனை எரிக்கும் இந்த விழா, தோட்டத்து மக்கள் தென்னிந்தியாவிலிருந்து வந்தபோது கூடவே கொண்டுவந்தது. ரதியாகவும் மதனாகவும் வேடம் கட்டுகிறவர்கள் காப்புக் கட்டிக்கொண்டு விரதம் இருக்கிறார்கள். இன்று மாலை கம்பத்தின் முன்னால் தப்பு முழங்கத் தொடங்கியபோது, இருட்டும் முன்பே கிழக்கில் ஏறிவிட்ட நிலா, பூரணைக்குச் சிறிது குறைவான வட்டமாக முகடுகளுக்கு மேல் நின்றது. நாள்காட்டியைப் புரட்டாமலே பிள்ளைகள் எல்லோரும் எரிப்பு எப்போது என்று சரியாகச் சொல்கிறார்கள்.

சதுர்த்தசி, தோட்டம்

விடியற்காலையில் பெரியம்மாவோடு பீலிக்குப் போனேன். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்கு மேலே, காட்டுத் துண்டு ஒன்றின் அடிவாரத்து ஊற்றிலிருந்து குழாய் போட்டு இறக்கிய நீர், ஒரு சிமெந்துத் தொட்டியின் விளிம்பில் விழுகிறது. தென்மேல் பருவமழைக் காலத்தில் பேரிரைச்சலோடு கொட்டும் அந்தப் பீலி, மாசியில் சுண்டுவிரல் கனத்துக்கு மெலிந்துவிட்டது. மேற்குச் சரிவுகளில் தையும் மாசியும் வறண்ட மாதங்கள்; தேயிலைக்கும் அது தெரியும், ஆட்களுக்கும் தெரியும். மலைக்குப் போகும் முன் தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் குடங்களை வரிசையாக வைத்துவிட்டு, முறை வரும்வரை பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி, கொழுந்துக் கறை ஏறிக் கறுத்துப்போன விரல் நுனிகளை ஒரு எலுமிச்சைத் தோலால் ஒவ்வொன்றாகத் தேய்த்து, விழுகிற நீருக்கு நேரே நீட்டி, நகக்கண்ணில் மிஞ்சிய கறையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கி, மறுபடி தேய்த்தாள். யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. ஆனால் அவள் தேய்க்கும் நேரத்தில் குழாய்க்கு நேரே அடுத்தவளின் குடத்தை நகர்த்திவைக்க மறக்கவும் இல்லை. ஒரு சொட்டும் வீணாகப் போகவில்லை.

செம்பை எடுத்துக்கொண்டு நான் வரிசையில் நின்றதைப் பார்த்துப் பெரியம்மா கேட்டார்:

“அது எதுக்கு புள்ள? குடிக்கத்தான் வீட்டுல தண்ணி இருக்கே.”

விவரத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

“நெலாவுக்கு வைக்கிறதுன்னா வை. செம்போட நிறுத்திக்க, கொடத்த வைக்காத. இங்க ஒரு கொடம்னா ஒரு ஆளோட மொற.”

இதைவிடத் தெளிவாக எந்த விதியையும் எனக்கு யாரும் சொன்னதில்லை. நிலவையும் நீரையும் பற்றி எழுதுகிறவர்கள் குளியல் தொட்டி நிறைய நீர் நிரப்பிப் பூவிதழ் தூவச் சொல்கிறார்கள். ஒரு பீலிக்கு முன்னால் அரைமணி நேரம் நின்று பார்த்தால் அந்த அறிவுரை எங்கே எழுதப்பட்டது, யாருக்காக எழுதப்பட்டது என்பது விளங்கிவிடும். என் நியமத்துக்கு வேண்டியது ஏறத்தாழ அரை லீற்றர். அதற்கு மேல் எடுத்தால், என் மன அமைதிக்கான விலையை வேறொருத்தி வரிசையில் நின்று கட்டுகிறாள் என்று பொருள்.

நிலவொளி நீரை என்ன செய்கிறது என்ற கேள்வியையும் இங்கேயே முடித்துவிடுகிறேன், ஏனென்றால் இதில் மழுப்புவது எனக்குப் பிடிக்காது. எதுவும் செய்வதில்லை. நிலா தன் மேல் விழும் சூரிய ஒளியில் எட்டில் ஒரு பங்களவையே திருப்பி அனுப்புகிறது; பூரணையின் வெளிச்சம் சூரிய வெளிச்சத்தைவிட ஏறத்தாழ 4 இலட்சம் மடங்கு மங்கல். அந்த வெளிச்சத்தால் செம்பு நீர் சூடேறுவதுமில்லை, சுத்தமாவதுமில்லை. கடலில் ஏற்ற இறக்கம் உண்டாக்கும் நிலா, நம் உடம்பின் நீரையும் செம்பின் நீரையும் இழுக்காதா என்று கேட்பவர்கள் உண்டு. கடல் ஏறுவதற்குக் காரணம், 12,700 கிலோமீற்றருக்கும் மேல் குறுக்களவு கொண்ட பூமியின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் நிலவின் ஈர்ப்பில் வேறுபாடு இருப்பதுதான். அப்படியிருந்தும் கொழும்புக் கரையில் ஏற்ற இறக்கம் ஒரு மீற்றரை எட்டுவதில்லை. ஒரு சாண் உயரச் செம்பின் அடிக்கும் வாய்க்கும் இடையே அந்த வேறுபாடு அளந்து சொல்லும் அளவுக்கு இருக்காது.

அப்படியானால் நிலா எதற்கு? தேதி குறிக்க. ஏறத்தாழ 29½ நாளுக்கு ஒருமுறை, என் வேலையையும் மனநிலையையும் கேட்காமல் அது வந்து நிற்கிறது. ஓய்வை நானே குறித்த நாள்களில் அது எப்போதும் அடுத்த வாரத்துக்குப் போனது. வானத்தில் குறித்த நாளைத் தள்ளிப்போட வழியில்லை. நீரின் வேலை வேறு. விடியற்காலையில் முகத்தில் படும்போது அது குளிர்ந்திருக்கிறது, தூக்கும்போது கனக்கிறது, இரண்டையும் உணராமல் இருக்க முடிவதில்லை. இவ்வளவு போதும் எனக்கு.

பூரணை, நல்லதண்ணி

நேற்றிரவு லயத்து இஸ்தோப்பின், அதாவது முன் திண்ணையின், ஓரத்தில் செம்பை வைத்துப் பார்த்தேன். இது ஒத்திகை மட்டும். உண்மையான இரவு இன்றுதான். நிலா அந்தி சாயுமுன்பே உதித்துவிட்டாலும், எதிர்மலை மறைப்பதால் இஸ்தோப்புக்கு வெளிச்சம் வரும்போது மணி ஏழரை ஆகிவிட்டது. மலைநாட்டில் நிலா உதயத்தைப் பஞ்சாங்கத்தில் பார்த்துப் பயனில்லை, அவரவர் முகட்டைத்தான் பார்க்க வேண்டும்.

இன்று போயா தினம், அதாவது பூரணை விடுமுறை, என்பதால் பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. மஸ்கெலியாவைத் தாண்டியதும் மவுசாகலை நீர்த்தேக்கம் வலத்திலும் இடத்திலும் மாறி மாறி வந்தது. 1969இல் அணை கட்டி முடிந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் இந்த நீருக்கடியில் போனது. வறட்சியில் நீர் வற்றும்போது பழைய வழிபாட்டிடங்களின் எச்சங்கள் வெளியே தெரிகின்றன என்று கேள்விப்பட்டுச் சன்னல் பக்கம் எட்டி எட்டிப் பார்த்தேன். இந்த முறை கரையோரச் செம்மண் மட்டுமே தெரிந்தது. பக்கத்திலிருந்த முதியவர், மூழ்கிப்போன கோயிலொன்றில் தன் பெற்றோருக்குத் திருமணம் நடந்ததாகச் சொன்னார். சொல்லிவிட்டு வெற்றிலைப் பையை அவிழ்த்துக்கொண்டார்.

சிவனொளிபாத மலைக்குப் போகும் பருவமே நிலவால் அளக்கப்படுவது: மார்கழியை ஒட்டிய டிசம்பர் பூரணையில் தொடங்கி மே மாத வெசாக் பூரணையில் முடிகிறது. 2,243 மீற்றர் உயரத்தில் இருக்கும் அந்தப் பாதச் சுவட்டைச் சிவனுடையது என்று நாமும், புத்தருடையது என்று பௌத்தர்களும், ஆதமுடையது என்று முஸ்லிம்களும் கொள்கிறார்கள். நல்லதண்ணியிலிருந்து ஏறும் வழியில், ஜப்பானியப் பிக்குகள் எழுப்பிய வெள்ளைத் தாதுகோபத்துக்கு அருகே சீத கங்குல என்ற ஓடை குறுக்கிடுகிறது. ஏறுகிறவர்கள் அதில் நீராடிவிட்டோ, குறைந்தது முகமும் கைகாலும் கழுவிவிட்டோ மேலே போவது வழக்கம். முதல்முறை ஏறுகிறவர்களுக்கு அது கட்டாயம்போல.

மாலை ஐந்தரைக்கு நான் அங்கே இறங்கினேன். கல்லில் உட்கார்ந்து காலை உள்ளே விட்டதும் கணுக்கால் எலும்பு வலித்தது, அவ்வளவு குளிர். பக்கத்தில் ஒரு சிங்களக் குடும்பம், கைக்குழந்தையின் நெற்றியை மட்டும் நனைத்தது. தாத்தா ஒருவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மூன்று முறை முழுக்குப் போட்டு எழுந்து, பல் கிட்டிப்போக, பேரனைப் பார்த்துச் சிரித்தார். இங்கே யாரும் எண்ணங்களைத் தாளில் எழுதிக்கொண்டிருக்கவில்லை. ஓடைக்கு முன் ஒரு நடை, ஓடைக்குப் பின் ஒரு நடை என்று அவர்கள் நடையே மாறுவது மட்டும் தெரிந்தது: அதுவரை பாட்டும் கூச்சலுமாக வந்த இளைஞர் கூட்டம் ஈரக் கால்களோடு படியேறத் தொடங்கியபோது குரலைத் தாழ்த்திக்கொண்டது.

ஓடையில் கால் வைத்திருந்தபோதுதான் ஒரு கணக்கு மனத்தில் ஓடியது. இந்தச் சரிவின் நீர் மவுசாகலைக்குப் போகிறது. அங்கிருந்து மஸ்கெலி ஓயாவாகக் கீழிறங்கி, கெஹெல்கமு ஓயாவோடு கூடிக் களனி கங்கை ஆகிறது. களனியின் நீரை அம்பத்தளையில் எடுத்துச் சுத்திகரித்துத்தான் கொழும்புக்கு அனுப்புகிறார்கள். அதாவது நான் மாடியில் இவ்வளவு நாளும் நிலாவுக்கு வைத்து வந்தது, குழாய் வழியாக வந்த இந்த மலையின் நீரே. புனித நீரைத் தேடி இங்கே வந்ததாக நினைத்திருந்தேன். அது முன்பே என் வீட்டுக்கு மாதக் கட்டணத்தோடு வந்துகொண்டிருந்திருக்கிறது.

செம்பைக் கொண்டுபோய் மேலே வைக்கலாமா என்று ஒரு யோசனை. சுமந்து ஏறுவது வீண்பெருமை என்று முடிவு செய்து, கடையொன்றில் வெந்நீர் வாங்கி ஆறவிட்டு, நிரப்பி, துணி கட்டி, தங்கியிருக்கும் விடுதியின் பின்கட்டு மதிலில் வைத்துவிட்டுப் புறப்படுகிறேன். ஓடை நீரை அப்படியே குடிக்க வேண்டாம் என்று இதைப் படிக்கிறவர்களுக்கும் சொல்லி வைக்கிறேன். எவ்வளவு தெளிவாக ஓடினாலும், மேலே ஆயிரக்கணக்கானவர்கள் நடந்துகொண்டிருக்கிறார்கள். செம்புப் பாத்திரத்தில் எலுமிச்சை, புளி போன்ற புளிப்பு எதையும் சேர்க்கவும் கூடாது.

பிரதமை, மலையுச்சி

நள்ளிரவுக்கு முன் தொடங்கி, கூட்டத்தில் நின்று நின்று ஏறி, விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் உச்சிக்கு வந்து சேர்ந்தேன். படிகளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை; முழங்கால் சொல்லும்.

உச்சியில் எல்லோரும் கிழக்குப் பார்த்து நின்றார்கள். ஆறேகால் மணியளவில் சூரியன் முகத்தைக் காட்டியதும் ‘சாது, சாது’ என்ற முழக்கமும் நம்மவர்களின் ‘அரோகரா’வும் ஒன்றாக எழுந்தன. உடனே கூட்டத்தில் பாதி மேற்குப் பக்கம் ஓடியது, மலையின் நிழலைப் பார்க்க. கீழே பரவிய பனிமூட்டத்தின் மேல் கூர்மையான முக்கோணமாக நிழல் நீண்டு கிடந்தது. இது எந்தத் தெளிந்த நாளிலும் தெரிவதுதான். பூரணைக்கு அடுத்த விடியலில் மட்டும் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. சூரியனுக்கு நேர் எதிரே நிழலின் நுனி. சூரியனுக்கு நேர் எதிரேதான் முழுநிலவும் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் அது முழுநிலவாக இராது. ஆகவே, நிழல் நுனி சுட்டும் திசையில், அதற்குச் சற்று மேலே, வெளிறிப்போன நிலா இறங்கிக்கொண்டிருந்தது. வானியல் பாடமாக இதை முன்பே அறிந்திருந்தும், சூரியன், நான் நிற்கும் கல், நிழல், நிலா நான்கும் ஒரே கோட்டில் நிற்பதைக் கண்ணால் பார்த்தபோது வாயைத் திறக்கத் தோன்றவில்லை. நிழல் சுருங்கத் தொடங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

இறங்கி வந்து செம்பை அவிழ்த்தபோது மணி பதினொன்று. விடியுமுன் என்ற நியமம் இன்று நடக்கவில்லை. வெயில் ஏறிய மதிலிலிருந்து அதை எடுத்துக் கொஞ்சம் குடித்தேன். செம்பின் அந்த மெல்லிய உலோக வாடை, உப்பு வற்றிப்போன நாக்கில் மிகவும் தெரிந்தது. மீதியை முழங்காலில் ஊற்றிக்கொண்டேன். செடிக்குப் போக வேண்டிய பங்கு அது. செடி பொறுத்துக்கொள்ளட்டும்.

பெரியம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். நேற்றிரவு காமனை எரித்துவிட்டார்களாம். ரதியாக வேடம் கட்டிய பையன் உண்மையிலேயே அழுதுவிட்டானாம்.

துவிதியை, சீதாஎலிய

நுவரெலியாவிலிருந்து வெலிமடைச் சாலையில், ஹக்கலைப் பூங்காவுக்குச் சற்று முன்னால் இருக்கும் சீதை அம்மன் கோயிலுக்குப் போனேன். பக்கத்தில் ஓடும் ஓடையில் சீதை நீராடினாள் என்பதும், பாறையிலுள்ள குழிகள் அனுமனின் பாதங்கள் என்பதும் நம்பிக்கை. 2024 மே மாதக் குடமுழுக்குக்கு அயோத்தியிலிருந்து சரயு நதி நீரைக் கொண்டுவந்தார்கள். நதி விட்டு நதிக்கு நீர் கொண்டுபோவது நம் மரபில் பழையதுதான். ஆனால் ஓடையின் ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்த பிளாஸ்டிக் போத்தல்களைப் பார்த்தபோது, அவ்வளவு தொலைவிலிருந்து நீரை வரவழைத்த நாம் இங்கே இருக்கிற நீரை இப்படி வைத்திருக்கிறோமே என்று கசந்தது. கைக்கு எட்டிய சிலவற்றைப் பொறுக்கி எடுத்தேன். செம்பை இன்று வெளியே எடுக்கவில்லை. தேய்பிறை தொடங்கிவிட்டது, சேர்க்கும் வேலைகள் இனி அமாவாசை கழியும்வரை இல்லை என்பது நானாக வைத்துக்கொண்ட ஒழுங்கு.

திருதியை, கண்டி

றம்பொடை வளைவுகளில் இறங்கிக் கண்டிக்கு வந்ததும், ரயிலுக்கு நேரம் இருந்ததால் கெட்டம்பேக்குப் போனேன். மகாவலியின் இந்தத் துறையில்தான் ஆண்டுதோறும் கண்டியின் எசலப் பெரஹரா ஊர்வல விழாவின் முடிவில் நீர்வெட்டு என்ற சடங்கு நடக்கிறது. தெய்வங்களுக்கான நான்கு தேவாலயங்களின் பூசகர்களான கப்புறாளைமார் ஆற்றில் இறங்கி, வாளால் நீரில் வட்டம் கீறி, சென்ற ஆண்டு எடுத்து வைத்திருந்த நீரைக் கொட்டிவிட்டு, அதே கலசத்தில் புதிய நீரை முகந்துகொண்டு போவார்கள். அது அடுத்த ஆண்டு வரை தேவாலயத்தில் இருக்கும். நாள் குறிப்பது இதிலும் நிலாதான்; ஆகஸ்ட் மாதத்து நிக்கினிப் பூரணையை ஒட்டியே நடக்கிறது.

இன்று துறையில் விழா எதுவும் இல்லை. ஒருவர் முச்சக்கர வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார், இரண்டு பையன்கள் தூண்டில் போட்டிருந்தார்கள். படியில் உட்கார்ந்து அந்தக் கலசத்தைப் பற்றியே யோசித்தேன். என் நியமத்தில் நீர் ஓரிரவு மட்டுமே தங்குகிறது. குடித்து, கழுவி, ஊற்றி முடித்துவிடுகிறேன். ஒரு சுற்று முழுவதும் நீரைக் காத்து வைத்திருந்து, புதியது வரும்போது பழையதைக் கொட்டுவதில் வேறொரு பொறுப்பு இருக்கிறது. கலசத்தைக் காலியாக விடக் கூடாது, மறந்துபோகவும் கூடாது.

குடிக்கும் நீரை ஒரு மாதம் வைத்திருக்க முடியாது, வைத்திருக்கவும் கூடாது. ஆகையால் குடிப்பதற்கும் முகம் கழுவுவதற்கும் அன்றன்று கொதிக்கவைத்து ஆற்றிய அரைச் செம்பு நீர். அதோடு, ஒரு சிறு கண்ணாடிப் போத்தலில் இறுக மூடி, குடிப்பதற்கல்லாத நீர் கொஞ்சம், அடுத்த பூரணை வரை சன்னலில் இருக்கும். அன்று அதைக் கறிவேப்பிலைத் தொட்டிக்கு ஊற்றிவிட்டுப் புதிதாக நிரப்புவேன். பீலியிலிருந்து எடுத்தால் பெரியம்மா கணக்குக் கேட்பார், ஓடையிலிருந்து எடுக்க எனக்கு மனமில்லை. கொழும்புக் குழாய் நீரே போதும். இதை எழுதி முடிக்கையில் அறிவிப்பு வருகிறது, ரயில் இருபது நிமிடம் தாமதமாம்.